மணி கோத்த பின்னலோடு வந்தவள்

என் ஆசை அம்மாவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் நம் வீட்டுக் கடித வழக்கம். "நான் இஞ்சை நல்ல சுகம், உங்கடை சுகத்துக்கு நல்லூரானை வேண்டுறன்" என்று இத்தனை வருடம் எழுதிய கை இன்றைக்கும் அதையே எழுதப் போனது. பாதியில் நிறுத்தி வெட்டிவிட்டேன். இனி உங்களிடம் என்ன சுகம் கேட்பது?

இதை ஒளித்துவைக்க எழுதவில்லை. இங்கே இத்தாலியில், பலெர்மோவில் நம் ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்னப் பத்திரிகை அடிக்கிறார்கள். பூசை அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலுமாக நாலைந்து தாள். அதில் போடச்சொல்லிக் கொடுக்கப்போகிறேன். பக்கத்து வீட்டு இராசமணி அக்கா வாசிக்கட்டும், உங்கள் மருமகனும் வாசிக்கட்டும். மாசி மாதத்திலிருந்து என்னைப்பற்றி இந்த ஊரில் ஒரு கதை ஓடுகிறது. தாய் செத்துக்கிடக்க, மகள் கடற்கரையில் தலைக்கு மணி கோத்துக்கொண்டு கூத்தாடினாளாம். அது பொய் இல்லை அம்மா. பொய் என்றால் சண்டைக்குப் போயிருப்பேன்.

உங்களுக்குத் தெரிந்ததை வாசிக்கிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நான் வேலை செய்வது சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில். அவருக்கு ஜூலியா என்று பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள், அடுத்ததாக நடை சரியாக வராத ஒரு பெடியன். அவர் கணவர் பல் வைத்தியர், டொத்தோரே என்றுதான் நான் கூப்பிடுவேன். உங்கள் மருமகன் குளிர்காலத்தில் மாடிப்படிகள் கழுவுவார், கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்பார். எங்கள் வீடு போர்கோ வெக்கியோவில் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடி. நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்து, கொழும்பில் தம்பியோடு இருந்தீர்கள்.

மாசியில் சிஞ்ஞோரா குடும்பம் தாய்லாந்துக்கு விடுமுறை போக வெளிக்கிட்டது. பெடியனைப் பார்க்க ஆள் வேண்டும். "நீயும் வா வதனி" என்றார் சிஞ்ஞோரா. என்னிடம் இங்கே தங்குகிற அனுமதிப் பத்திரம், பெர்மெசோ, இருந்தது, விசா அலுவலை டொத்தோரே பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் வீடு, வேலைவீடு, சந்தை, கொஸ்தூரா, இவ்வளவும்தான் பார்த்தவள். கொஸ்தூரா என்றால் பெர்மெசோ புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோர், அங்கே வரிசையில் நின்றதைச் சுற்றுலாவில் சேர்க்கமுடியாது.

வெளிக்கிட முதல்நாள் உங்களுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"தாய்லாந்தோ? அது வெளிநாடு அனுப்புற ஏஜென்சிக்காரன் சனத்தைக் கொண்டுபோய் அறைக்குள்ளை அடைச்சு வைக்கிற இடமெல்லே?" என்றீர்கள்.

"இல்லையம்மா, இது வேறை. லீவுக்குப் போகினம். ஒரு தீவு, கடற்கரை."

"அவை போனால் போகட்டும். நீ கடலுக்குள்ளை இறங்காதை, சொல்லிப்போட்டன். உப்புத் தண்ணி பட்டால் தலைமயிர் கொட்டும்."

"ஓம் ஓம்."

"எண்ணெய் வைச்சு இறுக்கிப் பின்னு. விரிச்சுப்போட்டுக்கொண்டு திரியாதை."

"ஓமம்மா, கார்ட் முடியப்போகுது" என்றேன். கார்ட் முடியவில்லை. பெட்டி அடுக்கவேண்டியிருந்தது, அதுதான். அதற்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை.

என் தலையைப்பற்றி உங்களுக்கு என்ன கவலை அம்மா அவ்வளவு? தோய்ந்துவிட்டு வாசலில் நின்று தலையைக் காயவிட்டால் குசினிக்குள்ளிருந்து சத்தம் வரும். "ஏனடி தலையை விரிச்சுப்போட்டுக்கொண்டு நிக்கிறாய், ஆர் செத்தது?" நம் ஆட்களில் செத்தவீட்டில்தான் பெண்கள் தலையை அவிழ்ப்பது. மற்ற நாளில் விரித்த தலை வீட்டுக்கு ஆகாது. உச்சியில் சீப்பால் ஒரு தட்டு, பிறகு கண் மேலே இழுபடுகிற மாதிரி ஒரு பின்னல். கலியாணம் கட்டிக் கடல் தாண்டி வந்த பிறகும் நான் தலையை விரித்தபடி தெருவில் இறங்கியதில்லை.

தீவைச் சொல்கிறேன். இதை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. போய்வந்தவள் சொல்லவேண்டும், கேட்கிறவர்கள் ஆவென்று கேட்கவேண்டும், அதுதானே முறை? எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போய்விட்டது.

விமானத்திலிருந்து இறங்கிப் படகில் போனோம். சின்னத் தீவு. கரையோரம் தென்னை, அதற்குப் பின்னால் பலகையால் கட்டின நாலைந்து வீடு. அதில் ஒன்றில் நாங்கள். மணல் அரித்து எடுத்த மா மாதிரி இருந்தது. காலமை எழும்பிப் பார்த்தால் கரையில் ஒரு குஞ்சு இல்லை. நண்டு ஓடின அடையாளம் மட்டும் கிடக்கும். மொண்டெல்லோவில் குடைக்கு மேல் குடை விரித்துக் கால் வைக்க இடம் இல்லாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கடற்கரை என்றால் சந்தை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே கடல் சத்தமே போடவில்லை. வந்து தொட்டுவிட்டுப் போனது.

முதல் இரண்டு நாளும் நான் உங்கள் சொல்லை மீறவில்லை. பெடியனை மடியில் வைத்துக்கொண்டு தென்னைக்குக் கீழே இருந்தேன். மூன்றாம் நாள் ஜூலியா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா வதனி, இங்கே உன்னை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்டாள். நான் சுற்றிப் பார்த்தேன். உண்மையாகவே ஒருவரும் இல்லை. இராசமணி அக்கா இல்லை, மாடியில் நின்று எட்டிப்பார்க்கிற சனம் இல்லை, கடையில் சந்தித்தால் "எங்கை போட்டு வாறீர்" என்று கேட்கிற ஆட்கள் இல்லை. சிஞ்ஞோராவின் ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் போனேன். தண்ணீர் சூடாக இருந்தது. நான் சிரித்த சிரிப்பில் பெடியன் கரையில் இருந்து பயந்து அழுதான்.

கரையோரமாக ஒரு மனிசி மாங்காய் விற்றுக்கொண்டு வருவா. பச்சை மாங்காய் அம்மா, கீலமாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் சீனியும் கலந்த ஒரு பொட்டலத்தோடு. சிஞ்ஞோரா வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். நான் ஒரு பை முடித்தேன். உங்களுக்குப் பிடித்த சாமான் இந்தக் கண்காணாத தீவில் கிடக்கிறதே, வீட்டுக்குப் போனதும் எடுத்துச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சீனி போடுகினம் என்று சொன்னால் நீங்கள் மூக்கைச் சுளிப்பீர்கள் என்றும் நினைத்தேன்.

அதே மனிசியின் தங்கச்சி தலை பின்னுகிறவள். சுற்றுலாப் பெண்களைப் பாயில் இருத்தி, முழுத் தலையையும் நூல்நூலாகப் பிரித்துப் பின்னி, ஒவ்வொரு நுனியிலும் கலர்மணி கோப்பாள். ஜூலியா பின்னிக்கொண்டாள். பிறகு "வதனிக்கும்" என்று அடம்பிடித்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், வாயால்தான். பாயில் இருந்தபிறகு எழும்ப மனம் வரவில்லை. என் தலையை வேறொரு கை தொட்டு எத்தனை வருடம் அம்மா? அவள் இறுக்கிப் பின்னினாள், கண் மேலே இழுபட்டது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மணி. தலையை ஆட்டினால் கலகலவென்று சத்தம். இறுக்கிப் பின்னச் சொன்னீர்கள், பின்னியிருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு பகிடியும் சேர்த்து வைத்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் ஜூலியா கேட்டாள், உன் அம்மா வீடு எந்தப் பக்கம் என்று. எனக்குத் தெரியவில்லை. டொத்தோரே சூரியன் இறங்குகிற இடத்தைக் கையால் காட்டினார். "கிட்டத்தட்ட நேரே அங்கேதான் உங்கள் தேசம், நடுவில் கடல்தான்" என்றார். ஜூலியா உடனே கையை உயர்த்தி ஆட்டினாள், "சாவோ மம்மா தி வதனி", வதனியின் அம்மாவுக்கு வணக்கம் என்று கத்தினாள். நானும் ஆட்டினேன். பெடியனின் கையையும் பிடித்து ஆட்டினேன். எங்கள் நாலு பேர் தலையிலும் மஞ்சள் வெயில் அடித்தது.

அது உங்களைச் சுடலைக்கு எடுத்த பின்னேரமா, அதற்கு முந்தினதா, பிந்தினதா? கணக்குப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தம்பி சொன்னால்கூடக் காதைப் பொத்திக்கொள்வேன். நான் ஆட்டினபோது நீங்கள் இல்லை, அது மட்டும் நிச்சயம். நான் பலெர்மோவிலிருந்து வெளிக்கிட்ட மறுநாள், நெஞ்சு நோகுது என்று படுத்த நீங்கள் எழும்பவில்லை. வாய்க்கரிசி போடவேண்டிய கையால் நான் மாங்காய்க்கு உப்புத் தொட்டேன்.

தம்பி உடனேயே பலெர்மோவுக்கு எடுத்திருக்கிறான். டெலிபோனைத் தூக்கினது உங்கள் மருமகன். தீவு நம்பர் அவரிடம் இருந்தது, சிஞ்ஞோரா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அப்படியிருந்தும் உங்கள் மருமகன் எனக்கு எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். மணி கோத்த மறுநாள், வீட்டுக்குக் கதை என்று சிஞ்ஞோரா விடுதிக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்கா, இவருக்கா என்று ஒரு கணம் யோசித்தேன். அம்மாவுக்கு எடுத்தால் கடலுக்குள் இறங்கினாயோ என்று கேட்பா, பொய் சொல்ல வரும் என்று இவருக்கு எடுத்தேன்.

"எப்பிடி இருக்கிறீர்?" என்றார்.

"சரியான சந்தோசமாய் இருக்கிறன். உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது பாருங்கோ, வந்து காட்டுறன்" என்று சிரித்தேன்.

அந்தப் பக்கத்தில் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. "ஆர் வீட்டிலை?" என்று கேட்டேன்.

"பெடியள். சீட்டு விளையாட வந்தவங்கள்."

"நான் இல்லையெண்டால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான்."

"ம். சந்தோசமாய் இருந்திட்டு வாரும்" என்றார். குரல் அடைத்திருந்தது. தடிமன் போல, குளிருக்குள் படி கழுவுகிற மனிசன் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன்.

திரும்பி வந்த அன்று சிஞ்ஞோராவின் கார் என்னைச் சந்தை முனையில் இறக்கிவிட்டது. ஒரு ஓலைத் தொப்பி, பெட்டி, வெயிலில் கறுத்த முகம், கலகல என்கிற தலை. பழக்கடைக்காரர் வழக்கமாகக் கூப்பிட்டுக் கதைப்பவர், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அவர் கடைக் கதிரைகளைத்தான் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கதவு திறந்து கிடந்தது. உள்ளே நம் ஆட்கள் சுவரோரமாகக் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் நிலத்தில். நான் வாசலில் நின்று சிரித்தேன். "என்ன, எல்லாருமாய் என்ரை கறுத்த முகத்தைப் பாக்க வந்தியளோ?" என்று கேட்டேன்.

அம்மா, அந்தச் சொல்லை நான் இப்போதும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பாத்திரம் கழுவும்போது கேட்கிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கிறது. செத்தவீட்டுக்குள் வந்து பகிடி விட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

பிறகுதான் உங்கள் படத்தைக் கண்டேன். என் கலியாணப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தது. முன்னால் விளக்கு. இராசமணி அக்கா எழும்பி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போட்டா பிள்ளை, கொம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்று குரல் எடுத்தா. மற்றப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அழுதபடியே அக்கா என் தலையை அவிழ்க்கக் கையை வைத்தா. எப்படி அவிழ்ப்பது? எலிவால் மாதிரி அத்தனை பின்னல், அத்தனையும் நூலால் கட்டினது. அவவின் விரல் சிக்கிக்கொண்டது. இழுத்தா, எனக்கு நொந்தது. ஒரு நூல் அறுந்து மணி நிலத்தில் விழுந்து துள்ளி ஓடியது.

நாலு பெண்கள் என்னை நடுவில் இருத்தி ஆளுக்கொரு பக்கம் அவிழ்த்தார்கள். ஒப்பாரி சொல்லிக்கொண்டே அவிழ்த்தார்கள். மணி விழுந்துகொண்டே இருந்தது. தவழ்கிற குழந்தை ஒன்று ஒரு மணியை எடுத்து வாய்க்குள் வைக்கப்போக, "எணேய், வாயிலை வைக்கிறான், பிடியணை" என்று தாய் கத்தினா. ஒப்பாரி நின்றுபோய் எல்லாரும் குழந்தையின் வாயைத் தோண்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓம், சிரிப்புத்தான் வந்தது. அது அழுகையாக மாறினதா, மாறினமாதிரி நான் காட்டினேனா, எனக்கே தெரியாது. நீங்கள் போனதற்கு நான் அன்றைக்கு அழவில்லை அம்மா. என் தலைக்காகத்தான் அழுதேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மறுநாள் உங்கள் மருமகனிடம் கேட்டேன்.

"சொல்லி? தெரியாத இடத்திலை தனிய இருந்து என்ன செய்வீர்? எல்லாருமாய்ச் சேர்ந்துதான் யோசிச்சம். போன சீவன் திரும்பி வரப்போறதில்லை, வந்தாப்போலை சொல்லுவம் எண்டு."

நம் ஆட்கள் எப்போதும் இப்படித்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்குச் சாவு சொல்ல மாட்டார்கள். பரீட்சை முடியட்டும், பெர்மெசோ வரட்டும், பிள்ளை பெறட்டும் என்று ஒளித்து வைப்பார்கள். அதை அன்பு என்பார்கள். நானும் எத்தனை பேருக்கு ஒளிக்க உடந்தையாக இருந்திருக்கிறேன். அதனால் அவர் சொன்னதை அப்போது விழுங்கிக்கொண்டேன்.

விழுங்கினது இறங்கவில்லை. அந்தக் கிழமையே டொத்தோரேயும் சிஞ்ஞோராவும் துக்கம் விசாரிக்க மூன்று மாடி ஏறி வந்தார்கள். பூ கொண்டுவந்தார்கள். கதிரை நுனியில் இருந்துகொண்டு டொத்தோரே கேட்டார், "ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை? அங்கேயிருந்து கொழும்பு பக்கத்தில்தான். பாங்கொக் போய் ஏறினால் மூன்று, நாலு மணித்தியாலம். நானே கொண்டுபோய் ஏற்றிவிட்டிருப்பேன்."

குசினிக்குள் உங்கள் மருமகன் அவர்களுக்குக் கோப்பி போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு இத்தாலியன் நன்றாக விளங்கும். கோப்பைச் சத்தம் நின்றுபோனது. பிறகு கோப்பி வந்தது, அவர் வரவில்லை.

பலெர்மோவிலிருந்து என்றால் வந்து சேரமாட்டேன் அம்மா. அது விதி என்று விட்டிருப்பேன். நான் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையைக் காட்டுகிற தூரத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு அவரோடு நான் கதைத்தது தேத்தண்ணி, உப்பு, வாடகை, இவ்வளவும்தான். என் பின்பக்கத் தலையில் பெண்கள் விட்டுவிட்டுப் போன இரண்டு மூன்று பின்னல் மிச்சம் இருந்தது, எனக்குக் கை எட்டவில்லை. ஒரு காலமை அவர் பின்னால் வந்து நின்று, கேட்காமலே அவிழ்க்கத் தொடங்கினார். படி கழுவிக் கழுவி வெடித்த விரல், நூல் பிடிபடவில்லை. நான் அசையாமல் இருந்தேன். முடித்து மணியை மேசையில் வைத்தார். நான் எழும்பிப் போய்விட்டேன். மனிசன் பாவம் என்று மனம் சொன்னது, வாய் திறக்கவில்லை. உங்கள் பிடிவாதம்தானே எனக்கு.

இப்போது இந்த ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் பேனை எடுத்தேன்.

ஃபெர்ராகோஸ்தோ அன்றைக்கு. இந்த ஊர்ச் சனம் முழுக்கக் கடற்கரைக்கு ஓடுகிற பெருநாள். உங்கள் மருமகன் விடியவே மொண்டெல்லோவுக்குப் போய்விட்டார். வருடத்திலேயே வேலை கூடின நாள், லீவு கேட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது. எனக்கு வேலை இல்லை, வீட்டில் நின்றேன். டெலிபோன் அடித்தது. தம்பி.

"அக்கா, அத்தான் நிக்கிறாரே?"

"வேலைக்குப் போட்டார். என்னடா?"

"மாமா மோசம் போட்டாராம். யாழ்ப்பாணத்திலையிருந்து கப்பலிலை வந்த ஒராள் இப்பத்தான் சொன்னது. எரிச்சும் ஒரு கிழமையாம்."

மாமா, என் மாமனார், கொடிகாமத்தில் தனியே இருந்த மனிசன். மகனைக் கண்டு பதினொரு வருடம். வருகிற கடிதம் எல்லாவற்றிலும் ஒரே வரிதான், பாதை திறந்தால் ஒருக்கால் வந்திட்டுப் போ.

என் முகத்தைக் கண்டுதான் இராசமணி அக்கா உள்ளே வந்தா. விசயத்தைக் கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

"இப்ப சொல்லாதை பிள்ளை. இண்டைக்குத்தான் அந்தக் கடை முதலாளி பத்ரோனே கண்ணிலை எண்ணெய் விட்டுக்கொண்டு நிப்பான். அவர் வேலை முடிச்சு வரட்டும், சாப்பிடட்டும். ஆறுதலாய்ச் சொல்லுவம். எரிச்சும் கிழமையாச்சு, இப்ப சொல்லாட்டில் என்ன குடியே முழுகப்போகுது?"

அவ சொன்னதில் பிழை இல்லை. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டு. அவரால் போகவும் முடியாது, போனாலும் முகம் பார்க்கமுடியாது. இன்னும் கொஞ்ச நேரம் அந்த மனிசன் தகப்பன் உள்ளவனாக இருந்துவிட்டுப் போகட்டுமே. நானும் ஒரு தரம் அப்படித்தான் யோசித்தேன்.

அக்கா தன் வீட்டுக்குப் போனதும் பின்னலை அவிழ்த்தேன். எண்ணெய்த் தலை, முதுகில் விழுந்தது. மருமகள் செய்யவேண்டியதுதானே. அப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு படி இறங்கினேன். வாழ்க்கையில் முதல்முறை தலையை விரித்துக்கொண்டு தெருவில். பழக்கடை பூட்டிக் கிடந்தது. பஸ்ஸில் பிள்ளைகளும் பந்தும் துவாயுமாகச் சனம் நெரித்தது. ஒரு கிழவர் எழும்பி எனக்கு இடம் விட்டார்.

பஸ்ஸில் இருந்தபோது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா அம்மா? மாமாவைப்பற்றி இல்லை. 'இப்ப தெரியும் உங்களுக்கு' என்று ஓடியது. சந்தோசமாக வேலை செய்துகொண்டு நிற்கிற மனிசன் முன்னால் போய் நின்று, நீங்கள் எனக்குச் செய்யாததை நான் செய்கிறேன் பாருங்கோ என்று காட்டவேண்டும் என்று ஓடியது. சாவு சொல்லப் போகிற நான் பழி தீர்க்கப் போகிறவள்போல பஸ் கண்ணாடியில் தெரிந்தேன். மணி கோத்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய வெட்கம். இதை ஊர் அறியாது, இனி அறியட்டும்.

மொண்டெல்லோவில் இறங்கினால் மணல் தெரியவில்லை, சனம்தான் தெரிந்தது. கடலுக்குள்ளும் சனம். குளித்துவிட்டு வருகிற பெண்கள் எல்லாரும் தலையை விரித்துவிட்டிருந்தார்கள். ஈரத் தலை, காய்ந்த தலை, முதுகை மூடின தலை. அவர்களுக்கு நடுவில் நான் நடந்தேன். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விரித்த தலைக்கு அங்கே ஒரு அர்த்தமும் இல்லை.

கடையின் பின்பக்கம் போனேன். உங்கள் மருமகன் சிப்பி ஓடு நிறைந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் வந்துகொண்டிருந்தார். குசினிக்குள் யாரோ சொன்னதற்கு அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. என்னைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். என் முகத்தை அல்ல, தலையை. அப்படியே நின்றார். பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். அந்தக் கடற்கரை முழுக்க விரித்த தலை அம்மா, ஒரே ஒரு மனிசன்தான் நீங்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஆர்?"

"மாமா" என்றேன்.

"எப்ப?"

"கிழமை ஆகுதாம். தம்பி இப்பத்தான் எடுத்தவன். உடனை வந்திட்டன்."

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பழி, கிழி என்று நான் கொண்டுவந்தது எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் நானும் இருந்தேன். பத்ரோனே கத்திக்கொண்டு வெளியே வந்தவர், எங்களைக் கண்டதும் வாயை மூடினார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சிப்பிப் பெட்டியைத் தானே தூக்கிக் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

உங்கள் மருமகன் முகத்திலிருந்து ஏப்ரனை எடுத்தார். கடலைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார்.

"அண்டைக்கு டெலிபோனிலை சொல்லத்தான் வாயைத் திறந்தனான். நீர் சிரிச்சனீர். கலியாணம் கட்டின நாளிலையிருந்து நீர் அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. அதை நிப்பாட்ட என்னாலை ஏலாமல் போச்சு."

அவர் செய்தது சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். அவர் எனக்குச் சொல்லியிருக்கவேண்டும், நான் சிரித்தாலும் சொல்லியிருக்கவேண்டும். என்னாலும் அவர் சிரிப்பை நிப்பாட்டத்தான் வேண்டியிருந்தது, அது எவ்வளவு பாரம் என்று அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்துதான் கண்டேன். நான் அதைப் பழிக்காகத் தூக்கினேன். அவர் என்னில் உள்ள அன்பால் தூக்காமல் விட்டார். எது பெரிய பிழை அம்மா? நீங்கள் இருந்தால் இரண்டு பேருக்கும் சீப்பால் ஒவ்வொரு தட்டுப் போட்டிருப்பீர்கள்.

"நான் கடலுக்குள்ளை இறங்கினனான்" என்று அவருக்குச் சொன்னேன். மாசிக்குப் பிறகு நான் அவருக்கு வலியச் சொன்ன முதல் கதை அது. "கழுத்தளவு. தண்ணி சூடு."

"சொல்லும்" என்றார். மணல், நண்டு, மாங்காய், சூரியன் இறங்குகிற பக்கம் நின்று கை ஆட்டினது, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். நீங்கள் போனதற்கு நான் அழுதது அன்றைக்குத்தான்.

வெட்கம் போய்விட்டது என்று எழுதினால் உங்களுக்குத் தெரிந்துவிடும் பொய் என்று. அது கிடக்கிறது, கிடக்கட்டும். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. படையலில் பச்சை மாங்காயைக் கீலமாக வெட்டி வைப்பேன், உப்பும் மிளகாய்த்தூளும் வைப்பேன். சீனி போடமாட்டேன், பயப்படாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், எல்லாரும் கேட்கத்தான் சொல்கிறேன். இனி இந்த ஊரில் எவருடைய சாவுச் செய்தி என் காதுக்கு வந்தாலும் நான் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலைக்குப் பிறகு, பெர்மெசோவுக்குப் பிறகு என்று கையில் வைத்திருக்கமாட்டேன். உரியவர் எந்தக் கடற்கரையில் நின்று சிரித்தாலும் போய்ச் சொல்லுவேன். மனதில் பழி இல்லாமல் போகப் பார்ப்பேன். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பேன்.

எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின தலையோடு,
உங்கள் மூத்த மகள்
வதனி